பலித்தால் என்ன ஆகும்? ஆரம்பகால அமெரிக்காவின் நாட்டு மந்திரத்தை வைத்து நாவல் கட்டுவது

மாற்று வரலாற்றில் மிகுபுனைவு எழுத வருகிறவர்கள் முதலில் ஒரு மந்திர முறையைப் புதிதாக உருவாக்கத்தான் உட்கார்கிறார்கள். எத்தனை நிலைகள், எந்த நிறத்துக்கு என்ன சக்தி என்று அட்டவணை போடுகிறார்கள். பதினெட்டாம் நூற்றாண்டு அமெரிக்காவைக் களமாக எடுத்துக்கொண்டால் அந்த உழைப்பு தேவையில்லை. குடியானவர்கள், மருத்துவச்சிகள், புதையல் தோண்டிகள், அடிமைகள் கையாண்ட முறைகள் பொருள், அளவு, நேரம் உட்படப் பதிவாகியிருக்கின்றன. நீதிமன்ற ஏடுகளில் கொஞ்சம், அவற்றைத் திட்டித் தீர்த்த பாதிரிமாரின் புத்தகங்களில் நிறைய, பஞ்சாங்கங்களில், செய்தித்தாள்களில், பழைய வீடுகளின் தரைக்கு அடியில்.

இந்தப் பதிவுகளில் நாவலாசிரியருக்கு மிகவும் உதவுவது ஒன்று உண்டு. ஒரு மந்திரம் ஏன் பலிக்கவில்லை என்று அந்தக் காலத்தவர்களே சொன்ன காரணங்கள். யாரோ வாயைத் திறந்துவிட்டார்கள், அடைப்பு பிடுங்கிக்கொண்டது, பெயரைத் தப்பாகச் சொன்னார்கள், காசு வாங்கிவிட்டார்கள். நம் உலகில் இவையெல்லாம் சாக்கு. மந்திரம் பலிக்கிற உலகில் இவைதான் இயற்பியல். சாக்குகளை வரிசையாக எழுதி ஒவ்வொன்றையும் மீற முடியாத விதியாக மாற்றுங்கள். மந்திர முறை தானே வந்துவிடும்.

செய்வினையைத் திருப்பி அனுப்பும் சூனியப் புட்டியை எடுத்துக்கொள்வோம். இங்கிலாந்திலிருந்து குடியேறியவர்களோடு கப்பலேறி வந்தது. 1671இல் லண்டனில் அச்சான ஜோசப் பிளாக்ரேவின் சோதிட மருத்துவ நூலில் பக்குவம் இருக்கிறது: நோயாளியின் சிறுநீரைப் புட்டியில் பிடித்து இறுக அடைக்க வேண்டும், உள்ளே மூன்று ஆணி அல்லது குண்டூசி அல்லது தையலூசி, கொஞ்சம் வெள்ளை உப்பு, சிறுநீர் எப்போதும் சூடாகவே இருக்க வேண்டும். தர்க்கம் எளியது. செய்வினை வைத்தவருக்கும் பட்டவருக்கும் இடையே தொடர்பு உண்டாகிவிட்டது, அது இரண்டு பக்கமும் வேலை செய்யும். புட்டி, வைத்தவரின் மூத்திரப்பை. ஊசி அங்கே குத்தும், சூடு அங்கே எரிக்கும். நீர் பிரியாமல் துடித்துப்போய் அந்த ஆள் வீட்டு வாசலுக்கு வந்து ஏதாவது கடன் கேட்பார்: ஒரு பிடி உப்பு, அடுப்பு மூட்ட ஒரு துண்டுத் தணல். கொடுக்கக் கூடாது. கொடுத்தால் கட்டு அவிழ்ந்துவிடும்.

2004இல் லண்டன் கிரீனிச்சில் அடைப்பு கலையாமல் ஒரு சூனியப் புட்டி கிடைத்தது. 2009இல் வெளியான ஆய்வின்படி உள்ளே இருந்தவை: வளைத்த ஆணிகள் 12, பித்தளைக் குண்டூசிகள் 8, தலைமயிர், வெட்டிய நகத் துணுக்குகள், கந்தகம், ஆணி குத்திய இதய வடிவத் தோல் துண்டு. திரவம் மனிதச் சிறுநீர்தான். அதில் நிகோடின் உடலில் சிதைந்து உண்டாகும் பொருளும் இருந்தது. செய்வினை பட்டவர் புகையிலை பிடிக்கிறவர்! இப்படிப்பட்ட ஒரு துணுக்கு உங்கள் பாத்திரத்தைப் பத்தி பத்தியான வர்ணனையைவிட நன்றாக நிறுத்திவிடும்.

அமெரிக்காவில் கிடைத்தவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. அவற்றில் பெயர்பெற்றது பென்சில்வேனியாவில் டெலவேர் ஆற்றோரம் எசிங்டனில், கிரேட் டினிகம் தீவில் கிடைத்த புட்டி. பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியைச் சேர்ந்தது. கண்ணாடிப் புட்டி, கத்தியால் சீவிய மர அடைப்பு, உள்ளே உருண்டைத் தலைக் குண்டூசிகள் ஆறு. வீட்டு அடித்தளத்தை ஒட்டித் தோண்டிய சிறு குழியில் தலைகீழாகப் புதைத்திருந்தார்கள்; கூடவே ஒரு பறவை எலும்பும் உடைந்த மண்கலத் துண்டும். ஆறு குண்டூசி சாதாரணச் செலவில்லை என்பதைக் கவனியுங்கள். அந்தக் காலத்துக் குண்டூசி பித்தளைக் கம்பியை இழுத்து, தலைக்குத் தனியாகக் கம்பி சுற்றி அடித்தது. குடியேற்றங்களுக்குப் பெரும்பாலும் இங்கிலாந்திலிருந்துதான் வந்துகொண்டிருந்தது. ஒரு பெண் தன் துணியிலிருந்து ஆறு குண்டூசியை உருவிப் புட்டியில் போடுகிறாள் என்றால் அவளுக்கு உண்மையாகவே பயம் பிடித்திருக்கிறது.

எங்கே பிசகும்? புட்டியை நெருப்பருகே வைப்பது வேகமான வழி. மூடிய கலத்தைச் சூடாக்கினால் அழுத்தம் ஏறும். ஒன்று அடைப்பு பிடுங்கும், இல்லை புட்டியே வெடிக்கும். வெடித்தால் சூனியக்காரர் செத்தார் என்று சிலர் சொன்னார்கள், தப்பித்தார் என்று சிலர் சொன்னார்கள். நாவலில் இரண்டில் ஒன்றை நீங்கள் முதல் அத்தியாயத்திலேயே தீர்மானித்துக்கொள்ள வேண்டும்; நடுவில் மாற்ற முடியாது. புதைப்பது மெதுவான வழி. வெடிக்கும் அபாயம் இல்லை, ஆனால் எதிரி யாரென்று தெரியவும் தெரியாது. யாரும் வாசலுக்கு வரமாட்டார்கள். கதைக்கு இன்னும் சுவையான பிசகு வேறு. புட்டி அடுப்பில் இருக்கும் நேரம் பார்த்து, ஒரு பாவமும் அறியாத பக்கத்து வீட்டுக் கிழவி தணல் கேட்டு வந்து நிற்கிறாள். பலிக்கிற உலகிலும் தற்செயல் என்று ஒன்று உண்டு. அதை வைத்து ஒரு கிராமமே ஒருத்தியைக் கொன்றுவிட முடியும்.

மாசசூசெட்ஸில் உள்ள சேலத்தில் 1692 பிப்ரவரி 25 வாக்கில் நடந்தது இதே தர்க்கத்தின் இன்னொரு வடிவம். பாதிரியார் சாமுவேல் பாரிஸ் வீட்டுச் சிறுமிகளுக்கு வலிப்பு. பக்கத்து வீட்டு மேரி சிப்லி சொன்னபடி, மாவில் அவர்கள் சிறுநீரைக் கலந்து அடையாக்கிச் சாம்பலில் சுட்டு நாய்க்குப் போட்டார்கள். அடுத்த மாதம் பாரிஸ் சபை நடுவே மேரி சிப்லியைக் கண்டித்தார். அவர் இதை ஏமாற்று வேலை என்று சொல்லவில்லை. பிசாசை விரட்டப் பிசாசிடமே உதவி கேட்டுப் போனாள் என்பதுதான் குற்றம். பாஸ்டன் பாதிரியார் இன்கிரீஸ் மேதர் 1684இல் இந்த வகை எதிர்மந்திரங்களைக் கண்டித்ததும் இதே காரணத்துக்காகத்தான். ஆகவே 1692இல் வைக்கிற கதையில் படித்தவர் மந்திரத்தைக் கேலி செய்வதாகவும் பாமரர் நம்புவதாகவும் எழுதினால் தப்பு. இரண்டு தரப்பும் நம்பியது. அது யார் வழியாக வேலை செய்கிறது என்பதில்தான் சண்டை. கேலி செய்கிற படிப்பாளி பிறகுதான் மெல்ல வந்து சேருகிறார்.

வெண்ணெய் திரளாதபோது செய்த வேலை இன்னும் நுணுக்கமானது. கடைந்துகொண்டே இருக்கிறார்கள், திரளவில்லை. பாலேட்டில் சூனியம் ஏறிவிட்டது என்று பழுக்கக் காய்ச்சிய குதிரை லாடத்தையோ இரும்புக் கம்பியையோ உள்ளே முக்குவார்கள். வெண்ணெய் வந்துவிடும், பல முறை உண்மையாகவே. பாலேடு சுமார் 13 முதல் 18 டிகிரி செல்சியஸுக்குள் இருந்தால் கொழுப்புத் துளிகள் நன்றாக ஒட்டித் திரளும். குளிர்காலக் காலையில் அதைவிடக் குளிர்ந்து கிடக்கும் பாலேட்டைச் சுடு இரும்பு அந்த அளவுக்குத் தூக்கிவிடுகிறது. ஆகஸ்டு வெயிலில் இதையே செய்தால் ஏற்கெனவே சூடாக இருப்பது இன்னும் இளகி வழவழவென்று போகும். அப்படியானால் நாவலில் மந்திரம் இருக்கிறது என்று எப்படிக் காட்டுவது? ஆகஸ்டில் காட்டுங்கள். குளிர்காலத்தில் லாடத்தை முக்கி வெண்ணெய் எடுக்கிற காட்சியை எழுதினால் கூர்மையான வாசகர் வெப்பமானி கேட்பார்.

நீரோட்டம் பார்ப்பதற்கும் இதே சோதனை. கவைக் குச்சி ஐரோப்பாவில் ஹேசல் மரத்தில் வெட்டியது. அமெரிக்காவில் பீச், வில்லோ, விட்ச் ஹேசல். பச்சைக் குச்சியாக இருக்க வேண்டும், காய்ந்தது வளையாமல் ஒடியும். இரண்டு கவையையும் உள்ளங்கை மேலே பார்க்கப் பிடித்து வெளிப்பக்கமாக விரித்தால் குச்சியில் விசை ஏறி நிற்கும். மணிக்கட்டு ஒரு துளி திரும்பினாலும் முனை சட்டென்று கீழே பாயும், பிடித்திருப்பவருக்கே தான் அசைத்தது தெரியாது. கிழக்குக் கரைப் பகுதியில் மழை அதிகம். போதுமான ஆழம் தோண்டினால் அநேகமாக எங்கும் நீர் வரும். அதனால் குச்சிக்காரர் சொன்ன இடத்தில் நீர் வந்தது என்பது எதையும் நிரூபிக்காது. உங்கள் பாத்திரத்துக்குக் கை பேசுகிறது என்று காட்ட, அவன் ஆழத்தைச் சரியாகச் சொல்ல வேண்டும், பாறையின் வகையைச் சொல்ல வேண்டும், நீர் உப்பா நல்லதா என்று சொல்ல வேண்டும். தவறினால் கூலியாட்கள் கையால் தோண்டிய கிணறு வீண். அந்தச் செலவை யார் தாங்குவது என்பதில்தான் காட்சி இருக்கிறது.

பென்சில்வேனியா ஜெர்மானியரின் மந்திரிப்பு முறைக்கு அவர்கள் வைத்த பெயர் பிரௌகெரை. பைபிள் வசனம், சிலுவைக் குறி, மூன்று முறை ஊதுதல், கையால் தடவி இறக்குதல். ரத்தம் நிறுத்த எசேக்கியேல் 16ஆம் அதிகாரம் 6ஆம் வசனம். அதை அடிபட்டவரின் பெயரைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். பெயர் சரியாகத் தெரிந்தால் ஆள் எதிரில் இருக்க வேண்டியதில்லை. வித்தையை ஆண் பெண்ணுக்கும் பெண் ஆணுக்கும் மாற்றி மாற்றித்தான் சொல்லித்தர வேண்டும் என்பது பரவலான வழக்கு. கூலி கேட்கக் கூடாது, தருவதை வாங்கலாம். 1820இல் ரெடிங் நகரில் ஜான் ஜார்ஜ் ஹோமன் இந்த மந்திரங்களை ஜெர்மன் மொழியில் அச்சிட்டுப் புத்தகமாகவே விற்றார்.

இந்த விதிகளை 1799 டிசம்பர் 14ஆம் தேதி வர்ஜீனியாவில் ஜார்ஜ் வாஷிங்டனின் பண்ணை வீடான மவுண்ட் வெர்னனில் வைத்துப் பாருங்கள். வாஷிங்டனுக்குத் தொண்டை அடைத்துவிட்டது, மூச்சுவிட முடியவில்லை. வைத்தியர் வருமுன்பே தோட்டக் கண்காணிப்பாளர் ஜார்ஜ் ராலின்ஸ் கையைக் கீறி ரத்தம் எடுத்தார். மனைவி மார்த்தா அதிகம் எடுக்க வேண்டாம் என்கிறார். வாஷிங்டனோ இன்னும் எடு என்கிறார். பகலில் வைத்தியர்கள் வந்து மீண்டும் மீண்டும் எடுத்தார்கள். மொத்தம் ஏறக்குறைய 80 அவுன்ஸ், இரண்டே கால் லிட்டருக்கு மேல். இரவு பத்து மணிக்கு மேல் உயிர் பிரிந்தது. வைத்தியர்களில் இளையவரான எலைஷா டிக் மேலும் ரத்தம் எடுப்பதை எதிர்த்தார், மூச்சுக்குழாயைத் திறக்கலாம் என்றார், கேட்கவில்லை. மறுநாள் வந்து சேர்ந்த வில்லியம் தோர்ன்டன், உடலைச் சூடாக்கி, மூச்சுக்குழாயைத் திறந்து காற்று ஊதி, ஆட்டுக்குட்டி ரத்தம் ஏற்றி எழுப்பிவிடலாம் என்று யோசனை சொன்னார். இதெல்லாம் நடந்த வரலாறு, இன்னும் மந்திரம் வரவே இல்லை.

இப்போது அந்த வீட்டில் ரத்தம் நிறுத்தத் தெரிந்த ஒருத்தி இருக்கிறாள் என்று வையுங்கள். அவள் அடிமை. மார்த்தாவின் பக்கம் நின்று வசனத்தைச் சொன்னால் ரத்தம் நிற்கும், வைத்தியர் மூவரும் மாறி மாறிக் கீறியும் ஒரு சொட்டு வராது. எஜமானரோ ரத்தம் எடுத்தால்தான் பிழைப்போம் என்று நம்புகிறார். அவள் காப்பாற்றினாளா, வைத்தியத்தைக் கெடுத்தாளா? வாஷிங்டன் எப்படியும் இறந்துவிட்டால் அவள் கதி என்ன? தொண்டை வீக்கத்தை வசனம் குறைக்காது, அது ரத்தத்துக்கு மட்டும் என்பதை மறக்காதீர்கள். ஒவ்வொரு வசனமும் ஒரே ஒரு வேலைக்கு. எல்லாவற்றையும் குணமாக்கும் பொதுச் சக்தி என்று ஒன்று இந்த மரபில் கிடையாது. அதைக் கொண்டுவந்த நிமிடம் நாவல் கெட்டது.

அவளை அடிமை என்று வைத்ததற்குக் காரணம் உண்டு. வர்ஜீனியா 1748இல் போட்ட சட்டத்தின்படி, எஜமானர் அனுமதியில்லாமல் அடிமை எவரேனும் மருந்து தயாரித்தாலோ கொடுத்தாலோ மரண தண்டனை. பயம் நஞ்சைப் பற்றியது. அதே பயம் தென் கரோலினாவில் வேறு விதமாக வேலை செய்தது. அங்கே சீசர் என்ற அடிமைக்கு விஷமுறிவு தெரியும் என்று பேர். 1750இல் அந்த மாகாணச் சட்டசபை அவருக்கு விடுதலையும் ஆண்டுக்கு 100 பவுண்டும் கொடுத்து அதை வெளியே சொல்லவைத்து, செய்தித்தாளில் அச்சிட்டது. பக்குவம் இது: பிளான்டெய்ன் வேரும் காட்டு ஹோர்ஹவுண்ட் வேரும், பச்சையோ காய்ந்ததோ, 3 அவுன்ஸ், 2 குவார்ட் நீரில் இட்டு 1 குவார்ட்டாகச் சுண்டக் காய்ச்சி வடிகட்டி, மூன்றில் ஒரு பங்காக மூன்று நாள் காலை வெறும் வயிற்றில். பிளான்டெய்ன் ஐரோப்பியர் காலடி பட்ட இடமெல்லாம் முளைத்த களை, பாதையோரத்தில் சும்மா கிடப்பது. அடிமையின் கைக்கு விலங்கு போட்ட சமூகம், அந்தக் கையிலிருந்தே மருந்தை விலை கொடுத்து வாங்குகிறது. மந்திரம் பலிக்கும் உலகில் இந்த வியாபாரம்தான் மையக் கதை. யாரிடம் வித்தை இருக்கிறது, யாரிடம் சட்டம் இருக்கிறது?

நிஜ வரலாற்றிலேயே இதற்கு ஒரு முன்மாதிரி உண்டு. பாஸ்டன் பாதிரியார் காட்டன் மேதருக்கு 1706இல் அவருடைய சபையார் கொடுத்த ஒனேசிமஸ் என்ற அடிமை, ஆப்பிரிக்காவில் தனக்கு அம்மை குத்தியதை விவரித்தார். 1721இல் பெரியம்மை வந்தபோது மேதரின் தூண்டுதலில் வைத்தியர் ஜப்டியல் பாய்ல்ஸ்டன் சுமார் 240 பேருக்குக் குத்தினார். 6 பேர் இறந்தார்கள். குத்தாமல் நோய் கண்டவர்களில் ஏறக்குறைய ஏழு பேருக்கு ஒருவர் இறந்தார். அதற்குப் பரிசாக மேதர் வீட்டு ஜன்னல் வழியே யாரோ வெடிகுண்டு எறிந்தார்கள். நல்ல வேளை, வெடிக்கவில்லை. அடிமையின் நாட்டு வைத்தியம் பலித்தபோது ஊர் எப்படி நடந்துகொண்டது என்பதற்கு இதைவிடத் தெளிவான ஆதாரம் கிடைக்காது. உங்கள் கற்பனை ஊர் இதைவிடப் பெருந்தன்மையாக நடந்துகொண்டால் ஏன் என்று சொல்ல வேண்டியிருக்கும்.

தரைக்கு அடியில் கிடைத்தவையும் பேசுகின்றன. மேரிலாந்தின் அனாபொலிஸில் சார்ல்ஸ் கரோல் மாளிகையில் அடிமைகள் வேலை செய்த தரைத்தள அறையின் மூலையில் படிகக் கற்கள், துளையிட்ட வட்டுகள், மேலே கவிழ்த்த பீங்கான் கிண்ணம். அதே ஊரில் 2008இல் தெருவைத் தோண்டும்போது 1700ஐ ஒட்டிய ஒரு களிமண் பொதி வந்தது: உள்ளே சுமார் 300 ஈயக் குண்டுகள், 25 குண்டூசிகள், ஆணிகள், மேலே துருத்திக்கொண்டு பழங்காலக் கல் கோடரி ஒன்று. குண்டூசி இங்கேயும் இருக்கிறது, சூனியப் புட்டியிலும் இருக்கிறது. ஒரே நகரத்தில் ஆங்கிலேயர் வழக்கமும் மேற்கு, மத்திய ஆப்பிரிக்க வழக்கமும் ஒரே கடையில் வாங்கிய குண்டூசியைப் பயன்படுத்துகின்றன. தனித்தனிக் குலத்துக்குத் தனித்தனி மந்திரம் என்று சுவர் எழுப்பாதீர்கள்.

பூர்வகுடிகளை இந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை, வேண்டுமென்றே. ஷானி என்ற பூர்வகுடி மக்களின் தீர்க்கதரிசி டென்ஸ்க்வாட்டாவா 1806 ஜூன் 16ஆம் தேதி சூரிய கிரகணத்தை முன்கூட்டிச் சொன்னது ஒரு மத இயக்கத்தின் கதை. ஊர்ப்புறக் கைவேலை இல்லை. அதற்குத் தனி நாவல் வேண்டும், தனி உழைப்பும் வேண்டும்.

புதையல் தோண்டுவதற்கு வருவோம். குடியேற்றங்களில் நாணயத்துக்கு எப்போதும் தட்டுப்பாடு. கையில் வெள்ளி இல்லாதவன் கண்ணுக்கு மண்ணுக்கடியில் வெள்ளி தெரியும். 1729இலேயே பெஞ்சமின் பிராங்க்ளின் பிலடெல்பியாவைச் சுற்றி எங்கும் புதையல் குழிகளாகக் கிடப்பதைக் கிண்டலடித்து எழுதியிருக்கிறார். இந்த மோகத்துக்குக் கடற்கொள்ளையர் கேப்டன் கிட் ஒரு காரணம். அவர் 1699இல் கார்டினர்ஸ் தீவில் புதைத்ததை ஆளுநர் தோண்டி எடுத்துவிட்டார், உண்மையில் மிச்சம் எதுவும் இல்லை. (அந்தச் செல்வத்தில் ஒரு பங்கு மலபார் கரையை ஒட்டிப் பிடித்த குவேடா மெர்ச்சன்ட் கப்பலிலிருந்து வந்தது. நம் கடலோரத்துச் சரக்கைத் தேடித்தான் நியூ இங்கிலாந்துக் குடியானவன் நூறு ஆண்டு மண்ணைக் கிளறியிருக்கிறான்.)

முறை இப்படி. ஒரே இடம் மூன்று இரவு தொடர்ந்து கனவில் வர வேண்டும். பிறகு குறிக்கல் பார்க்கிறவர்: கல்லைத் தொப்பிக்குள் போட்டு, முகத்தை அதில் புதைத்து, வெளிச்சம் புகாமல் பார்ப்பார். இரவில் போய்க் கத்தியாலோ வாளாலோ வட்டம் போட்டு, பைபிளின் சங்கீதப் பகுதியை வாசித்து, சிலர் கறுப்பு ஆட்டின் ரத்தத்தை வட்டத்தில் சிந்தி, காவல் ஆவியைக் கட்டிவிட்டுத் தோண்டுவார்கள். முக்கியமான விதி, ஒரு வார்த்தை பேசக் கூடாது. கடப்பாரை பெட்டி மூடியில் 'டங்' என்று படும். அந்த நேரம் பார்த்து ஒருவன் 'ஐயோ' என்பான். பெட்டி மண்ணுக்குள் நழுவி இறங்கிவிடும். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதைதான், ஒவ்வொரு முறையும். விதியாக மாற்றுங்கள்: புதையல் உண்மையிலேயே நகரும், ஒலியால் நகரும். அப்படியானால் ஊமைகள் பெரும் பணக்காரர்கள். ஐந்து பேர் சேர்ந்து ஆறடி மண்ணை ஓசையில்லாமல் வெட்டுவது எப்படி என்று ஒரு தொழில்நுட்பமே வளரும். சைகை மொழி வரும், மண்வெட்டிக்குத் துணி சுற்றுவார்கள், இருமல்காரனை யாரும் கூட்டிப்போக மாட்டார்கள். மண்ணுக்கடியில் இருந்து வெள்ளி வந்துகொண்டே இருந்தால், 1764இல் காகிதப் பணத்தைப் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் கட்டுப்படுத்தியதற்கு எழுந்த கோபமும் மட்டுப்படும். புரட்சிக்குக் காரணங்களில் ஒன்று கழன்றுவிட்டது. மாற்று வரலாறு என்பது கடைசியில் இந்த வகைக் கணக்குத்தான்.

சட்டம் என்ன செய்தது? பிரிட்டனின் 1735ஆம் ஆண்டுச் சட்டம் சூனியம் செய்வதைக் குற்றமாகக் கருதுவதை நிறுத்தியது. சூனியம் தெரிந்ததாக நடித்துக் காசு பறிப்பதற்கு ஓராண்டு வரை சிறை. நியூயார்க்கில் 1788ஆம் ஆண்டுச் சட்டம் குறி சொல்வதாகவும் காணாமல் போன பொருளைக் கண்டுபிடிப்பதாகவும் பாசாங்கு செய்கிறவர்களை ஒழுங்கற்றோர் பட்டியலில் சேர்த்தது. 1826இல் பெயின்பிரிட்ஜில் ஒரு விவசாயிக்கு வெள்ளிச் சுரங்கம் தேடிக் கல் பார்த்த இருபது வயது ஜோசப் ஸ்மித் நீதிபதி முன்னால் நின்றது இந்த வகைச் சட்டத்தின் கீழ்தான். பின்னால் மோர்மன் மதத்தை நிறுவியவர் அவரே. பலிக்கிற உலகில் இந்தச் சட்டங்கள் அர்த்தமிழக்கும், ஏனென்றால் பாசாங்கை நிரூபிக்க வேண்டியது அரசுத் தரப்பு. குற்றம் சாட்டப்பட்டவர் அங்கேயே கல்லைத் தொப்பியில் போட்டு நீதிபதியின் தொலைந்த கடிகாரம் எங்கே என்று சொல்லிவிட்டால் வழக்கு முடிந்தது. அதற்குப் பிறகு உரிமம், கட்டணம், தப்பான பரிகாரத்துக்கு நஷ்டஈடு என்று வேறொரு சட்டத் தொகுப்பே வேண்டும். பிரௌகெரைக்காரர் கூலி கேட்கக் கூடாதே, உரிமக் கட்டணத்தை எப்படிக் கட்டுவார்? நல்ல துணைக்கதை.

1752 பற்றிச் சொல்லாமல் விட முடியாது. பிரிட்டிஷ் பேரரசு முழுவதும் அந்த ஆண்டு செப்டம்பர் 2க்கு அடுத்த நாள் செப்டம்பர் 14. பதினொரு நாள் காணாமல் போயின. சந்திரனை வைத்த வேலைகள் பாதிக்கப்படவில்லை: கிழங்கு தேய்பிறையில், மேலே காய்ப்பது வளர்பிறையில், கூரைப் பலகை வளர்பிறையில் அடித்தால் ஓரம் சுருளும், வேலிக் கட்டையைத் தேய்பிறையில் வைத்தால் மண்ணில் புதையும். நிலவு யாருடைய சட்டத்துக்கும் கட்டுப்படாது. ஆனால் கிறிஸ்துமஸ் நள்ளிரவில் மாடுகள் மண்டியிடும் என்ற நம்பிக்கை? அப்பலேச்சிய மலைக் குடும்பங்கள் பழைய கிறிஸ்துமஸைத் தலைமுறை தலைமுறையாக ஜனவரியில் கொண்டாடியதற்கு, மாடு எந்த நாள் மண்டியிடுகிறதோ அதுதான் உண்மையான நாள் என்பது ஒரு நியாயம். உங்கள் உலகில் மாடுகள் எந்த இரவில் மண்டியிடுகின்றன? பழைய தேதியில் என்றால், நாடாளுமன்றச் சட்டம் தோற்றுவிட்டது என்று ஒவ்வொரு தொழுவமும் சாட்சி சொல்கிறது. புதிய தேதியில் என்றால், மந்திரம் லண்டன் அரசாங்கத்தின் பேச்சைக் கேட்கிறது. 1776 நெருங்கும்போது இந்த விஷயம் சாதாரணமாக இருக்காது.

எழுதும்போது வழக்கமாக நடக்கும் காலப் பிழைகள் சில. பென்சில்வேனியக் களஞ்சியங்களில் வண்ண நட்சத்திரம் தீட்டுவது பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான் பரவியது, அவை சூனியத்தை விரட்டும் குறிகள் என்ற பேச்சு 1920களில் பயண நூல்கள் வழியாகப் பரவியது. 1770இல் ஒரு களஞ்சியத்தின் மேல் வைக்காதீர்கள். அந்தக் காலத்துக்கு உரியது, கதவுச் சட்டத்திலும் அடுப்பு உத்தரத்திலும் கவராயத்தால் கீறிய ஆறிதழ்ப் பூ. சுரண்டிச் சாயம் பூசினால் மறைந்துவிடும் அளவுக்கு மெல்லிய கீறல். சுவருக்குள் பழைய செருப்பு வைத்தார்கள் என்று எழுதுவதானால் ஜோடி வேண்டாம், ஒற்றைச் சப்பாத்து. பெரும்பாலும் குழந்தையுடையது, தேய்ந்து கால் வடிவம் ஏறியது. இடம் புகைபோக்கியை ஒட்டி. தீக்குச்சி 1820களின் பிற்பகுதிக்கு முன் கிடையாது, அடுப்பு அணைந்தால் சக்கிமுக்கிக் கல், பொறி பிடிக்கும் பஞ்சு நனைந்திருந்தால் பக்கத்து வீடு. சேலத்தில் யாரையும் எரிக்கவில்லை. 19 பேரைத் தூக்கிலிட்டார்கள், விசாரணைக்கு உடன்பட மறுத்த ஜைல்ஸ் கோரியைப் பாரம் ஏற்றி நசுக்கினார்கள். எரிக்கிற காட்சியோடு தொடங்கும் கையெழுத்துப் பிரதியை, களம் தெரிந்த பதிப்பாசிரியர் இரண்டாம் பக்கம் புரட்ட மாட்டார்.